தமிழ்த் தூதர் தனிநாயகம் அடிகளார்

முன்னுரை

தமிழுக்குத் தொண்டு செய்த சான்றோர் யாவர் என்று ஆசிரியை கேட்டால், வகுப்பில் உடனே பல கைகள் உயரும். ஏட்டுச் சுவடிகளைத் தேடி ஊர் ஊராக அலைந்த உ. வே. சாமிநாத ஐயரைச் சொல்வோம். தேம்பாவணி தந்த வீரமாமுனிவரைச் சொல்வோம். திருவாசகத்தை ஆங்கிலத்தில் பெயர்த்த போப் ஐயரைச் சொல்வோம். ஆனால் இவர்களுக்குப் பின் வந்து, உலகப் படத்தில் தமிழுக்கு ஓர் இடம் தேடித் தந்த ஒரு குருவானவரின் பெயர் அத்தனை விரைவில் நம் நாவில் வருவதில்லை. அவரே தவத்திரு சேவியர் தனிநாயகம் அடிகளார்.

அவர் வாழ்க்கையை நாம் படிக்க வேண்டியதற்குத் தனிக் காரணம் ஒன்று உண்டு. நம்மில் சிலர் தமிழில் பேசவே கூச்சப்படுகிறோம். வேறு சிலர் தமிழைப் போல் உலகில் மொழி உண்டா என்று மேடையில் முழங்குகிறோம், ‘எதனால் அப்படி?’ என்று ஒருவர் திருப்பிக் கேட்டால் விழிக்கிறோம். இந்த இரு சாராருக்கும் அடிகளாரின் வாழ்க்கையில் விடை இருக்கிறது.

பிறப்பும் கல்வியும்

இலங்கையின் வடபால், யாழ்ப்பாணத்தை அடுத்த தீவுகளுள் ஒன்றில் ஊர்காவற்றுறை என்னும் துறைமுகம் உள்ளது. அதனருகே கரம்பொன் என்ற சிற்றூரில் 1913ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2ஆம் நாள் அடிகளார் பிறந்தார். ஊர்காவற்றுறை புனித அந்தோனியார் பள்ளியிலும், யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியிலும் பயின்றார். அந்நாளைய வழக்கப்படி ஆங்கிலமே அவருடைய கல்வி மொழி. பின்னர் கொழும்பு நகரில் குருமடத்தில் சேர்ந்தார். அங்கிருந்து 1934இல் உரோமைக்குச் சென்று, உர்பன் பல்கலைக்கழகத்தில் இறையியல் கற்றார். 1938இல் குருப்பட்டம் பெற்றார்.

உரோமையில் அவர் டாக்டர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்ட பொருள் என்ன தெரியுமா? மூன்றாம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரில் ஆயராக விளங்கிய புனித சிப்ரியான் காலத்துக் குருக்களைப் பற்றியது அது. பதினேழு நூற்றாண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர்களைப் பற்றி எழுத வேண்டுமானால் ஊகம் உதவாது. எஞ்சியுள்ள எழுத்துகளைத் தேடிப் படித்து, ஒவ்வொரு சொல்லுக்கும் சான்று காட்ட வேண்டும். பிற்காலத்தில் தமிழாராய்ச்சியில் அவர் கைக்கொண்ட ஒழுங்குக்கு இங்கேதான் வித்து விழுந்தது என்று நாம் கருதலாம். இலத்தீன், இத்தாலியம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானியம், போர்த்துக்கீசியம் எனப் பல மொழிகளும் அவருக்குக் கைவந்தன. இத்தனை மொழிகள் கற்றவர் தம் தாய்மொழியின் பழைய இலக்கியத்தை மட்டும் இன்னும் முறையாகக் கற்றிருக்கவில்லை.

மீண்டும் மாணவரானார்

1940இல் அடிகளார் நம் நெல்லைச் சீமைக்கு வந்தார். வடக்கன்குளம் புனித தெரேசா உயர்நிலைப் பள்ளியில் துணைத் தலைமையாசிரியராகப் பணி ஏற்றார். அந்த ஊரில்தான் தமிழ் அவரை ஆட்கொண்டது. பள்ளிப் பணியோடு, பண்டிதர் ஒருவரிடம் மாணவரைப் போல் அமர்ந்து தமிழ் இலக்கியம் பாடம் கேட்டார்.

அதோடு அவர் நிற்கவில்லை. 1945இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் பயிலச் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது முப்பத்திரண்டு. உரோமையில் டாக்டர் பட்டம் பெற்ற குருவானவர், தம்மினும் பத்து வயது இளையவர்களோடு வகுப்பில் அமர்ந்தார். பன்மொழிப் புலவர் தெ. பொ. மீனாட்சிசுந்தரனார் போன்ற பேராசிரியர்களின் வழிகாட்டுதலில் முதுகலைப் பட்டமும், அதன்பின் ஆய்வுப் பட்டமும் பெற்றார். தம் முன்னோர் பெயரான ‘தனிநாயகம்’ என்பதையும் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டார். சேவியர் என்னும் திருமுழுக்குப் பெயரும் தனிநாயகம் என்னும் தமிழ்ப் பெயரும் ஒருவரிடத்தே ஒன்றாயின.

தெரியாததைத் தெரியாது என்று உணர்ந்து கற்கப் புறப்படுவதற்கு வயது ஒரு தடையன்று. படித்த படிப்பும் தடையன்று. இது அடிகளார் நமக்குத் தரும் முதல் பாடம்.

இயற்கையும் பாட்டும்

பல்கலைக்கழகத்தில் அவர் ஆராய்ந்த பொருள் சங்கப் பாடல்களில் இயற்கை என்பதாகும். இந்த ஆய்வு 1953இல் ஆங்கில நூலாக வெளிவந்தது. பிறகு 1966இல் ‘லேண்ட்ஸ்கேப் அண்ட் பொயட்ரி’ என்ற பெயரில் மறுபதிப்புக் கண்டது. ‘நிலமும் கவிதையும்’ என்று அப்பெயரைத் தமிழில் சொல்லலாம்.

குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்னும் ஐந்திணையை நாமும் பாடநூலில் படிக்கிறோம். மலைக்குக் கூடல், காட்டுக்குக் காத்திருத்தல், வயலுக்கு ஊடல், கடற்கரைக்கு இரங்கல், வறண்ட நிலத்துக்குப் பிரிவு என்று தேர்வுக்காக அட்டவணை போட்டு மனப்பாடமும் செய்கிறோம். அடிகளார் அந்த அட்டவணையைப் பெரியதோர் அரங்கில் கொண்டுபோய் வைத்தார். கிரேக்கரும் இலத்தீனியரும் தம் கவிதையில் இயற்கையை எவ்வாறு பாடினர், வடமொழிப் புலவர் எவ்வாறு பாடினர் என்பவற்றை எடுத்து, அருகில் சங்கப் பாடல்களை வைத்து ஒப்பு நோக்கினார். மனிதரின் உள்ளத்து உணர்ச்சிக்கும், அவர் நிற்கும் நிலத்துக்கும், பொழுதுக்கும், அங்குப் பூக்கும் பூவுக்கும் இத்தனை நெருக்கமான உறவை ஓர் இலக்கணமாகவே வகுத்துக்கொண்டவர் பழந்தமிழர் என்பதை இந்த ஒப்பீடு விளக்கிற்று.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கிரேக்கமும் இலத்தீனும் அறியாத ஒருவர் ‘எங்கள் பாட்டே சிறந்தது’ என்று சொன்னால், அது வீட்டுக்குள் பேசும் பேச்சு. அவற்றைக் கற்று, மதித்து, அதன்பின் தம் மொழியின் தனிச் சிறப்பை எடுத்துக்காட்டினால், கிரேக்கம் கற்றவரும் செவி சாய்ப்பார். பிற மொழி கற்பதால் தாய்மொழிப் பற்றுக் குறையும் என்பார்க்கு அடிகளார் வாழ்ந்து காட்டிய விடை இதுவே.

‘தமிழ் கல்ச்சர்’ இதழ்

1948இல் தூத்துக்குடியில் தமிழ் இலக்கியக் கழகத்தை அடிகளார் தோற்றுவித்தார். பின்னர் ஜப்பான், அமெரிக்கா, ஐரோப்பா எனப் பல நாடுகளுக்கும் சென்று தமிழைப் பற்றிச் சொற்பொழிவுகள் ஆற்றினார். சென்ற இடமெல்லாம் ஒரு குறையைக் கண்டார். இந்தியா என்றால் வடமொழி நூல்களை அறிந்திருந்த அறிஞர்கள், தமிழில் இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுடைய இலக்கியம் உண்டு என்பதை அறியவில்லை. அறிய விரும்பியவர்க்கும் படிக்க ஏதும் கிட்டவில்லை. நம்மவர் எழுதிய ஆராய்ச்சிகள் பெரும்பாலும் தமிழிலேயே இருந்தன. தமிழ் தெரியாதவருக்குத் தமிழின் சிறப்பைத் தமிழிலேயே எடுத்துரைத்தால் எப்படி விளங்கும்?

இக்குறையைத் தீர்க்க அவர் 1952இல் தொடங்கியதுதான் ‘தமிழ் கல்ச்சர்’ என்னும் ஆங்கிலக் காலாண்டிதழ். தமிழ்ப் பண்பாடு என்பது அப்பெயரின் பொருள். பிரான்சு நாட்டு ஃபிலியோசா, செக் நாட்டுக் கமில் சுவெலபில், உருசிய நாட்டு அந்திரோனோவ் ஆகிய பிறநாட்டு அறிஞர்களும் நம் நாட்டு, இலங்கை அறிஞர்களும் அதில் எழுதினர். 1966 வரை அவ்விதழ் வெளிவந்தது.

ஓர் ஆராய்ச்சி இதழின் ஆசிரியர் பணி எத்தகையது என்று சற்று எண்ணிப் பார்ப்போம். கடல் கடந்து வாழும் அறிஞர்களுக்குக் கடிதம் எழுதிக் கட்டுரை கேட்க வேண்டும். வந்ததைச் சொல் சொல்லாகப் படித்துச் சரிபார்க்க வேண்டும். தம் கருத்துக்கு மாறாக இருந்தாலும், சான்று இருக்குமானால் இடம் தரவேண்டும். அச்சுப் பிழை திருத்த வேண்டும். இத்தனையும் செய்தபின் கட்டுரையின் மேல் வேறொருவர் பெயரே நிற்கும். இதழாசிரியர் பந்தல் போடுபவரைப் போன்றவர். திருமணத்தில் பந்தலை யார் புகழ்கிறார்கள்? ஆனால் பந்தல் இல்லையேல் விருந்தினர் வெயிலில் நிற்க நேரிடும். உலகின் பல மூலைகளில் தனித்தனியே தமிழ் பயின்றவர்கள் ஒருவரையொருவர் அறிந்துகொள்ள நிழல் தந்தது அந்த இதழ்.

நூலகங்களில் கிடைத்த செல்வம்

அடிகளார் ஐரோப்பா சென்றபோதெல்லாம் அங்குள்ள பழைய நூலகங்களில் தமிழ் ஏடுகளையும் அச்சு நூல்களையும் தேடினார். தாம் கண்டவற்றைக் கட்டுரைகளாக எழுதினார். அவற்றுள் சிலவற்றை இங்கே தருகிறோம்.

1554இல் போர்த்துக்கல் நாட்டு லிஸ்பன் நகரில் ‘கார்த்தில்யா’ என்னும் சிறு செபநூல் அச்சாயிற்று. தமிழ்ச் சொற்களை உரோமன் எழுத்துகளில் அச்சிட்ட நூல் அது. அதை ஆக்கியவர்கள் வின்சென்ட் த நாசரேத், ஜோர்ஜ் கார்வாலோ, தோமா த குருஸ் என்னும் மூன்று தமிழர்கள். 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சிடப்பெற்றது. முத்துக்குளித்துறையில் உழைத்த அண்டிரீக் அடிகளார் தமிழில் தந்த இந்நூல் பதினாறு பக்கமே உடையது. இந்திய மொழி ஒன்றில், அம்மொழியின் எழுத்திலேயே, இந்திய மண்ணில் அச்சான முதல் நூல் என்னும் சிறப்பு இதற்கு உண்டு. அதன் படி ஒன்று அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. இந்நூல்களைப் பற்றித் தமிழுலகம் விரிவாக அறியச் செய்தவர்களுள் அடிகளார் முதன்மையானவர். அவர் தோற்றுவித்த தூத்துக்குடிக் கழகமே 1963இல் தம்பிரான் வணக்கத்தை மீண்டும் வெளியிட்டது. அதன் பதிப்பாசிரியர் இயேசு சபைக் குருவான ச. இராசமாணிக்கம் அடிகளார்.

அடிகளார் தாமே பதிப்பித்த பெருநூல் ஓர் அகராதியாகும். அந்தம் தெ புரோயென்சா என்னும் போர்த்துக்கீசியக் குருவானவர் மதுரை மிஷனில் உழைத்தபோது தமிழ்ச் சொற்களைத் திரட்டி, அகரவரிசைப்படுத்தி, போர்த்துக்கீசியத்தில் பொருள் எழுதினார். 1666இல் அவர் இறந்தார். பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1679இல், கேரளத்து அம்பலக்காட்டில் அந்நூல் அச்சேறியது. பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட சொற்கள் அதில் உள்ளன. வீரமாமுனிவரின் சதுரகராதிக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் முற்பட்ட அகராதி அது. ஆயினும் காலப்போக்கில் தமிழர் அதனை மறந்தனர். உரோமையில் வத்திக்கான் நூலகத்தில் இருந்த படியை அடிகளார் கண்டு, அதன் பக்கங்களை உள்ளது உள்ளவாறே நிழற்படமாக எடுத்து, 1966இல் மலேசியாவில் பதிப்பித்தார்.

இதனால் என்ன பயன் என்று கேட்கலாம். புலவர் நூல்களில் செய்யுட் சொற்கள் இருக்கும். ஆனால் முந்நூறு ஆண்டுகளுக்கு முன் கடைத்தெருவிலும் வீட்டிலும் வழங்கிய சொற்களை எங்கே காண்பது? மக்களோடு பேச வேண்டிய குருமார்களுக்காக எழுதப்பட்டதால், பேச்சு வழக்குச் சொற்களும் அந்த அகராதியில் இடம் பெற்றன. ஒரே இடத்தில் பூட்டியிருந்த ஒரு படி, அச்சானபின் பல நாட்டு நூலகங்களுக்குப் போயிற்று. ஒன்றைப் பலவாக்குவதே பதிப்பாசிரியரின் அருந்தொண்டு. அதன் அருமையைப் பின்னால் காண்போம்.

உலகத் தமிழ் மாநாடு

1952 முதல் அடிகளார் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கல்வித் துறை விரிவுரையாளராக இருந்தார். இடையில் லண்டன் பல்கலைக்கழகத்தில் கல்வியியலில் இன்னொரு டாக்டர் பட்டம் பெற்றார். 1961 முதல் 1969 வரை கோலாலம்பூரிலுள்ள மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறையின் தலைவராக விளங்கினார்.

1964 ஜனவரியில் புது டில்லியில் கீழ்த்திசை அறிஞர்களின் 26ஆவது உலக மாநாடு கூடிற்று. அங்கே தமிழில் நாட்டமுள்ள அறிஞர்களை அடிகளாரும் பேராசிரியர் வ. அய். சுப்பிரமணியமும் தனியே அழைத்துப் பேசினர். ஜனவரி 7ஆம் நாள் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் பிறந்தது. ஃபிலியோசா தலைவரானார். அடிகளாரும் சுவெலபில்லும் செயலாளர்களாயினர். தலைவர் ஒரு பிரெஞ்சுக்காரர், செயலாளர்களுள் ஒருவர் செக் நாட்டவர் என்பதை எண்ணிப் பாருங்கள்! தமிழைத் தமிழர் மட்டும் போற்றினால் போதாது, உலகமே ஆராய வேண்டும் என்ற அடிகளாரின் எண்ணம் இதில் புலனாகிறது.

மன்றத்தின் முதல் மாநாடு 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் நடந்தது. இரண்டாவது 1968 ஜனவரியில், அறிஞர் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, சென்னையில் நடந்தது. கடற்கரைச் சாலையில் திருவள்ளுவர், ஔவையார், கண்ணகி, வீரமாமுனிவர் முதலியோர் சிலைகள் அமைந்தது அம்மாநாட்டை ஒட்டியே. சென்னையில் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம் 1970இல் தோன்றியதும் அம்மாநாட்டின் பயனே. மூன்றாம் மாநாடு 1970இல் பாரிசு நகரில் கூடியது. அதன்பின் மொரீசியசு, சிகாகோ எனக் கடல் கடந்த ஊர்களிலும் மாநாடுகள் கூடியுள்ளன. அடிகளார் நட்ட கன்று இவ்வாறு கிளை பரப்பிற்று.

எல்லா ஊரும் எமக்கு ஊர், எல்லா மக்களும் எமக்கு உறவினர் என்ற கணியன் பூங்குன்றனாரின் கருத்தை அடிகளார் சென்ற இடமெல்லாம் எடுத்துரைத்தார். தம் நூல் ஒன்றுக்கு ‘ஒன்றே உலகம்’ என்றே பெயரிட்டார். தமிழைப் பக்தியின் மொழி என்று போற்றினார். தேவாரத்தையும் திருவாசகத்தையும் ஆழ்வார் பாடல்களையும் தேம்பாவணியோடு சேர்த்து ஒரே அன்போடு பேசினார். தாய்லாந்தின் அரச விழாவில் திருவெம்பாவை ஓதும் மரபு இருப்பதைத் தமிழர்க்கு எடுத்துக்காட்டியவர்களுள் அவரும் ஒருவர். கத்தோலிக்கக் குருவானவர் திருவெம்பாவையைத் தேடிச் செல்வதா என்று அவர் தயங்கவில்லை. தம் விசுவாசத்தில் உறுதியாக நிற்பவருக்குப் பிறர் பக்தியை மதிப்பது எளிதே.

இறுதிக் காலம்

நான்காம் மாநாடு 1974 ஜனவரியில் அடிகளாரின் சொந்த மண்ணான யாழ்ப்பாணத்தில் நடந்தது. அதன் இறுதி நிகழ்ச்சியில், ஜனவரி 10ஆம் நாள் இரவு, காவல்துறையினர் கூட்டத்தைக் கலைக்க முற்பட்டபோது மக்கள் பலர் உயிர் இழந்தனர். தமிழைக் கேட்க வந்தவர்கள் பிணமாகத் திரும்பிய அத்துயரம் யாழ்ப்பாண மக்களின் நெஞ்சில் ஆறாத புண்ணாயிற்று.

1980 செப்டம்பர் 1ஆம் நாள் அடிகளார் இறைவனடி சேர்ந்தார். ஓராண்டுகூட ஆகுமுன், 1981 ஜூன் முதல் நாளை ஒட்டிய இரவில், யாழ்ப்பாணப் பொது நூலகம் தீக்கிரையாயிற்று. ஏறத்தாழ 97,000 நூல்களும் அரிய ஏடுகளும் எரிந்தன. பன்மொழிப் புலவரான தாவீது அடிகள் அந்தத் தீயைக் கண்ட அதிர்ச்சியிலேயே உயிர் நீத்தார் என்று யாழ்ப்பாணத்தார் இன்றும் சொல்கிறார்கள். படி எடுக்கப்படாமல் அங்கிருந்த ஏடுகள் திரும்பி வரவே இல்லை. பதிப்பாசிரியரின் பணி எத்துணை அவசரமானது என்பதை இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்? ஒரே படியாக இருக்கும் நூல், ஒரே தீக்குச்சிக்கு அஞ்சி நிற்கும் நூல். அதைப் பலவாக்கிப் பல ஊர்களில் வைத்தவரே அதற்கு உயிர் அளித்தவர்.

முடிவுரை

அடிகளார் கவிஞரல்லர், காவியம் எழுதவில்லை. பிறர் எழுதியதைத் தேடினார், பதிப்பித்தார், பிறரை எழுதச் செய்தார், எழுதியவர்களை ஓர் இடத்தில் கூட்டினார். இதுவும் இலக்கியத் தொண்டே.

நாம் அவரைப் பின்பற்ற உரோமைக்கோ பாரிசுக்கோ போகவேண்டிய தேவையில்லை. நம் வீடுகளில் பாட்டிமார்க்குத் தெரிந்த தாலாட்டுகளும் விடுகதைகளும் வியாகுலப் பிரசங்க ஒப்பாரிகளும் ஏட்டில் எழுதாதவை எத்தனையோ உண்டு. அவர்கள் நெஞ்சமே அவற்றுக்கு உள்ள ஒரே படி. ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, யார் சொன்னது, எந்த ஊரில் கேட்டது என்ற குறிப்போடு எழுதி வைப்போமானால், நாமும் சிறிய பதிப்பாசிரியர்களே. ஆங்கிலத்தை நன்றாகக் கற்போம். அது தமிழை உலகுக்குச் சொல்ல உதவும். தமிழை அதனினும் நன்றாகக் கற்போம்; சொல்வதற்கு நம்மிடம் பொருள் வேண்டுமல்லவா?

கூச்சமும் வேண்டாம், வெற்று முழக்கமும் வேண்டாம். கற்றுச் சான்றோடு பேசுவோம். அதுவே தமிழ்த் தூதர் தனிநாயகம் அடிகளாருக்கு நாம் செலுத்தும் காணிக்கை.